மிச்ச நாடாவில் பாடியவள்

போன வாரம் ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் சாலையில் வண்டிகள் வழக்கம்போல நகராமல் நின்றிருந்தன. பக்கத்து இருக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் திடீரென்று, “வாப்பா, உங்க ஆளப் பத்தி ஒருத்தர் ஆர்ட்டிகிள் எழுதியிருக்கார். சிங்கிளா வந்திருக்க வேண்டிய டென் சாங்ஸாம். படிக்கவா?” என்றாள்.

‘உங்க ஆள்’ என்று அவள் சொல்வது ஓர் அமெரிக்கப் பாடகியை. தேவாலயத்தில் பாடிப் பழகிய குரலை வீட்டுக் கவலைகளின் பக்கம் திருப்பிவிட்டவர்களின் பாட்டை ‘சோல்’ இசை என்கிறார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே தேடிப்போய், அவருடைய பிரபலமான நாலு பாட்டைக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்பீர்கள். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாராட்டு அது.

ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைத் தனியே பிரித்து வெளியிடுவதுதான் சிங்கிள். வானொலியில் ஓடுவதும் ஊர் முணுமுணுப்பதும் அதுதான். மீதிப் பாட்டெல்லாம் வீட்டோடு இருக்கும் பிள்ளைகள். மகள் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் நீதிபதி மாதிரி தலையாட்டிக்கொண்டு வந்தேன். ஏழு பாட்டு சரி. இரண்டு பரவாயில்லை. ஒன்றை மட்டும், கட்டுரை எழுதியவர் காது கேட்காத நேரத்தில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு நின்று தங்கையிடம் பேசுவதுபோல ஒரு பாட்டு உண்டு, அதை விட்டுவிட்டார். கிட்டாரைத் தொடாமல் கைத்தட்டலிலேயே ஓடும் இன்னொன்றையும் விட்டுவிட்டார். கோபமாகத்தான் இருந்தது. அதற்குள் மகள் பையிலிருந்து கை துடைக்கும் திரவத்தை எடுத்துத் தேய்க்க, வண்டி முழுக்க ஸ்பிரிட் வாடை ஏறியது. பிறகு அவள் படித்தது எதுவும் என் காதில் விழவில்லை.

எங்கள் கடையும் அப்படித்தான் மணக்கும். ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கேசட் கடை. தொண்டியிலிருந்து வந்து நான் முதன்முதலில் வேலை பார்த்த இடம். காலையில் கடை திறந்ததும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் டெக்கின் தலையைத் துடைப்பதுதான் முதல் டியூட்டி. அப்புறம் நாள் முழுக்கப் பதிவுதான். வாடிக்கையாளர் வேண்டிய பாட்டுகளைச் சொல்வார். இசைத்தட்டிலிருந்தும் அசல் கேசட்டிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலிக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பேன். மலையாளி, பட்டாணி, பிலிப்பைன்ஸ்காரர், நம்மூர்க்காரர் எல்லோரும் வருவார்கள். எல்லோருக்கும் நான் ‘பாய்’, எனக்கும் எல்லோரும் ‘பாய்’.

பாட்டுகள் எப்போதும் நாடாவுக்குச் சரியாகப் பொருந்தாது. ஒரு பக்கம் முடிய இரண்டு மூன்று நிமிடம் மிச்சம் நிற்கும். இன்னொரு பாட்டை முழுதாக ஏற்றவும் இடமிருக்காது. அதை வெறுமனே விடக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். காலி நாடா ஓடினால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள். “எதையாச்சும் ரொப்பி வுடுப்பா” என்பார். எதை என்று அவர் கேட்டதே இல்லை.

நான் அவரை ரொப்பினேன். அதாவது, பாடகியை. யார் என்ன பாட்டுக் கேட்டாலும் வாலில் அவருடைய, யாரும் கேட்காத பாட்டு ஒன்று இருக்கும். கேசட் அட்டையில் பெயர் எழுதமாட்டேன். அமெரிக்கக் கம்பெனி வெளியிட மறந்த பாட்டுகளை ரோலாவில் உட்கார்ந்து நான் வெளியிட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்கொரு நினைப்பு. சம்பளத்துக்குத் தகுந்த நினைப்பு இல்லைதான். ஆனால் ஒரு பட்டாணி டாக்சி டிரைவர் அந்தக் கைத்தட்டல் பாட்டைத் தட்டிக்காட்டி, “பாய், இது பூரா வேணும்” என்று வந்து நின்றபோது, இங்கேயே சொந்தக் கடை போட்டுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நெய்னா காக்கா கதைக்குள் வருவது இங்கேதான். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். கீழக்கரைக்காரர். தொழில்பேட்டையில் ஒரு கராஜில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை, தங்குவது ஆண்கள் மட்டும் இருக்கும் கம்பெனி கேம்ப்பில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருவார். நகத்துக்குள் எப்போதும் ஏதோ ஒரு நிறம் இருக்கும். அந்த வாரம் வந்த வண்டியின் நிறம் அது. அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மார்க்கப் பாடல்களாகப் பதிந்து வாங்கிப் போனார். அதன் வாலிலும் நம் பாடகிதான்.

அன்றைக்குக் கடிதத்தைவிடக் கேசட்தான் வசதி. பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவோம். வீட்டில் கேட்டுவிட்டு, அதே கேசட்டின் மேல் பேசித் திருப்பி அனுப்புவார்கள். புதுக் கேசட் வாங்குவதை ஊதாரித்தனம் என்று நினைத்த காலம். காக்காவும் அந்தப் பாடல் கேசட்டின் மேலேயே பேசினார். நாடா முடியப்போகிற வரைக்கும் பேசிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். அவர் நிறுத்திய இடத்துக்குப் பின்னால் பழைய பதிவு அப்படியே இருந்தது.

ஒரு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளில், டியூட்டி உடுப்போடு கடைக்குள் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“தம்பி, பக்கத்து ரூம்ல பேசுறது கேசட்டுல ஏறுமா?”

“சத்தமாப் பேசுனா ஏறும் காக்கா. ஏன்?”

“பொம்பளச் சத்தம் ஏறியிருக்காம். நான் பேசி முடிச்சதும் ஒருத்தி மெதுவா முனகுறாளாம். என்னமோ இங்கிலீசுல சொல்றாளாம். அப்பறம் சிரிக்கிறாளாம். அதோட கேசட் முடிஞ்சிருச்சாம். எங்க கேம்ப்புல பொட்டப் பூனகூடக் கெடயாதே தம்பி!”

விஷயம் இதுதான். கேசட் வந்தால் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். மாமனார், மாமியார், கொழுந்தியாள்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள், எல்லோருக்கும் நடுவில் இந்தச் சிரிப்பு. கீழக்கரையில் கல்யாணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே போய் வாழ்வார். ஊரிலிருந்து வந்த ஆளிடம் மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார்: “நம்ம வூட்டுப் படி ஏற வேணாம். ஜமாஅத்துல பேசித் தீத்துக்கலாம்.” ஜமாஅத் பஞ்சாயத்து வரைக்கும் போனால் கல்யாணம் கலாஸ், அதோடு முடிந்தது. மனைவி ஜுலைகா என்ன சொன்னார் என்று கேட்டேன். “அவ ஒண்ணுமே சொல்லலயாம்” என்றார்.

எனக்கு அவர் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. அந்தப் பாட்டு சிங்கிளாக வராததற்குக் காரணமே அதன் தொடக்கம்தான். வாத்தியக்காரர்கள் தயாராகவில்லை. பாடகி சுருதி தேடி முனகுகிறார். யாரிடமோ பொறு, பொறு என்கிறார். ஏதோ தடுமாறிவிட்டு அடித்தொண்டையில் சிரிக்கிறார். அதற்குப் பிறகுதான் டிரம்ஸ் விழுகிறது. எந்த வானொலிக்காரன் அவ்வளவு நேரம் பொறுமையாக இருப்பான்? எனக்கோ அந்தச் சிரிப்புக்காகவே அதைப் பிடிக்கும். காக்காவின் கேசட்டில் மிச்ச நாடா சொற்பம். சிரிப்போடு நின்றுவிட்டது. ஒரு தட்டு டிரம்ஸ் விழுந்திருந்தால்கூட அது பாட்டு என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

அசல் கேசட்டை எடுத்துப் போட்டேன். சிரிப்பு வந்ததும் காக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். பாட்டு முழுவதும் நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும், “இவதானா?” என்றார். “இவதான் என் குடியக் கெடுக்கப் பாத்தவளா? நல்லாத்தானே பாடுறா!”

என் வாழ்க்கையில் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது.

ஒரு புதுக் கேசட்டின் உறையைப் பிரித்து அந்தப் பாட்டை முழுதாக ஏற்றினோம். முன்னால் காக்கா விளக்கம் சொன்னார். பின்னால் நானும் சாட்சி சொன்னேன்: மாமா அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும், நான் தொண்டி இன்னார் மகன், இது எங்கள் கடையில் பதிந்த பாட்டு, பாடுகிற அம்மா அமெரிக்காவில் இருக்கிறார், நெய்னா காக்காவை அவருக்குத் தெரியாது. கடைசி வாக்கியத்தை மாமனார் ரொம்ப நேரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம், பிறகு தெரிந்தது.

பதில் வர ஒரு மாதமானது. அந்த மாதம் முழுக்கக் காக்கா எல்லா வெள்ளிக்கிழமையும் வந்து, கேசட் எதுவும் கேட்காமல், ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். பதில் கேசட் வந்ததும் அங்கே போட்டுக் கேட்க மனமில்லாமல் கடைக்கு எடுத்து வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்கக் கேட்க முகம் தெளிந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் என்னவோ ஆனது. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

அக்கா முறையான ஜுலைகா லாத்தாவின் குரலை அன்றுதான் கேட்டேன்.

“பாட்டுதான்னு தெரிஞ்சிருச்சு மச்சான். வாப்பாவும் நம்பிட்டாக. அவ நெசமாவே யாரோ பொம்பளன்னு எனக்கு முதல்லயே பாதி நம்பிக்க வரல. ஆனா அந்தச் சிரிப்பக் கேட்டு அழுதேன். ஏன்னு யாருக்கும் சொல்லல. இத்தன வருசமா நீங்க அனுப்புன கேசட்டுல, நல்லாருக்கேன், சாப்பிட்டேன், வெயில் சாஸ்தின்னு எல்லாம் சொல்றீக. ஒருவாட்டிகூடச் சிரிச்சதில்லியே. நீங்க சிரிப்பீகளே மச்சான். எப்புடிச் சிரிப்பீகன்னு எனக்கு மறந்துபோச்சு. அத அனுப்புங்க.”

நெய்னா காக்கா என் முகத்தைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மைக்க எடு தம்பி” என்றார்.

எடுத்தேன். அந்தக் கேசட்டிலேயே பதில் பேசினார். பேச்சு சரளமாக வந்தது. சிரிப்புதான் வரவில்லை. பதிவு ஓடுகிறது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? ‘ஹஹ்’ என்றார். இருமல் மாதிரி இருந்தது. அழித்தோம். இன்னொரு முறை ‘ஹிஹி’ என்றார். அதைக் கேட்டிருந்தால் லாத்தா நிஜமாகவே ஜமாஅத்துக்குப் போயிருப்பார். அழித்தோம். நான் எனக்குத் தெரிந்த ஜோக்குகளை எல்லாம் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்து, மைக்கின் முன்னால் ஹஹ் ஹஹ் என்று திணறிக்கொண்டிருந்த காக்காவைப் பார்த்துப் பதறி, “தண்ணி குடு, தண்ணி குடு, நெஞ்சடப்பு!” என்று கத்தினார்.

காக்கா சிரித்தார். மேசையைத் தட்டித் தட்டி, மூச்சு வாங்கி, நிறுத்தி, முதலாளி முகத்தைப் பார்த்து மறுபடியும் சிரித்தார். நாடா ஓடிக்கொண்டிருந்தது. பேச்செல்லாம் முடிந்து, அந்தப் பக்கத்தின் வாலில், நான் ரொப்புகிற இடத்தில் அது விழுந்தது.

பிறகு அந்தக் கேசட் பல வருடம் போய்ப் போய் வந்தது. வாலை மட்டும் தொடக் கூடாது என்று இருவருக்கும் ஒப்பந்தம். அவர் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார், லாத்தாவும் அப்படியே. மெல்ல மெல்லத் தொலைபேசி அட்டைகள் வந்தன, அப்புறம் கைப்பேசி. கடை மூடியது. இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். காக்கா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனபோது, லாத்தா கடைசியாகப் பேசி அனுப்பியிருந்த அந்தக் கேசட்டை ஞாபகத்துக்குத் தன்னோடு எடுத்துப் போனார். நானும் வேறு வேலைக்கு மாறி, இங்கேயே தங்கிவிட்டேன்.

போன ரமலானுக்கு முன்னால் காக்கா மௌத்தாகிவிட்டார். நாற்பதாம் நாள் கழிந்து லாத்தா என்னைப் போனில் கூப்பிட்டார். பீரோவில் கேசட் இருக்கிறதாம், ஓட்டிப் பார்க்க ஊரில் பெட்டி இல்லையாம். கொடுத்து அனுப்பச் சொன்னேன். பழைய சாமான் விற்கும் கடைகளில் அலைந்து ஒரு டெக் வாங்கினேன். நாடாவில் பூஞ்சை படிந்திருந்தது. துடைத்துத் துடைத்து ஓட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

“என்ன இருக்கு தம்பி?”

“ரெண்டு பக்கமும் நீங்க பேசுனதுதான் லாத்தா. உங்க தம்பிக்குப் பொண்ணு பாத்தது, கிணத்துல தண்ணி வத்துனது, எல்லாம் இருக்கு.”

“அவுக பேசுனது?”

“இல்ல லாத்தா. கடைசியில சிரிக்கிறது மட்டும் இருக்கு.”

“போடுங்க.”

கைப்பேசியை ஒலிபெருக்கியின் பக்கத்தில் வைத்தேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. மேசை தட்டும் சத்தம், மூச்சு, நடுவில் முதலாளியின் குரல் கொஞ்சம், மறுபடியும் சிரிப்பு. நாடா முடிந்து பொத்தான் தானாக எழும்பியது.

கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தேன்.

“ஒவ்வொருவாட்டியும் அவுக பேசுனதுக்கு மேலதானே தம்பி நான் பேசுனேன். எல்லாத்தையும் நானே அழிச்சிருக்கேன்.”