பகலில் மூடிய திரை

என் புருஷன் ரின்ஸ் வேறொருத்தி வீட்டு சோபாவில் படுத்துத் தூங்கினான். வெறும் தூக்கம்தான். அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது. வேறு ஏதாவது கெட்ட காரியம் செய்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டு, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு மன்னித்தும் தொலைத்திருப்பேன்.

ரின்ஸுக்கு வயது ஐம்பத்தொன்பது. ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் சுற்று வட்டாரப் பண்ணைகளில் பால் ஏற்றும் லாரி அவனுடையது. மாடுகளிடம் பேசுவான், மனிதர்களிடம் தலையாட்டுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அண்ணன் யெல்லெ ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து ரின்ஸுக்குப் படுக்கையைக் கண்டாலே பயம். கண் சொக்கும் நேரத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருவான். கை மரத்துப் போகும், நெஞ்சு அடைக்கும், "போறேன் டீனா, போறேன்" என்பான். டாக்டர் இரண்டு முறை எல்லாச் சோதனையும் செய்தார். "இதயம் நல்லா இருக்கு. இது பயம். மூச்சை மெதுவா விடச் சொல்லுங்க," என்றார். தூக்கமில்லாதவன் லாரி ஓட்டக் கூடாது என்று சாவியையும் வாங்கி வைக்கச் சொன்னார்.

நான் என்ன குறை வைத்தேன்? விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, ராத்திரி ராத்திரியாக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூச்சையும் எண்ணினேன். அவனும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஹில்லிதான் வந்து சொன்னாள். "ஏய் டீனா, உன் ஆளு ஃபென்னா வீட்டுல என்னமா தூங்குறாரு. வாயைப் பொளந்துக்கிட்டு."

ஃபென்னா கூலிக்கு இஸ்திரி போடுகிறவள். புருஷன் இல்லாதவள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் யாரும் பகலில் ஜன்னல் திரையை மூட மாட்டார்கள். சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான் மூடுவார்கள். அதனால் ரோட்டில் நின்றபடியே எல்லாம் தெரிந்தது. ஃபென்னா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவன் அவளுடைய போர்வையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக நான் தவம் கிடந்தும் பார்க்காத தூங்கும் முகம், அங்கே போகிற வருகிறவனுக்கெல்லாம் இலவசம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அப்படி என்ன மருந்து குடுக்குறா அவ?"

"ஒண்ணும் குடுக்கல. சட்டை குடுக்கப் போனேன், உக்காந்தேன், தூக்கம் வந்துருச்சு. அவ பாட்டுக்கு இஸ்திரி போடுவா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா."

"அப்போ நான் பாக்குறதுதான் இடைஞ்சலா?"

அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

அவளுக்கு வருகிற இஸ்திரி எனக்கு வராதா? இங்கே அவன் தூங்குவதை ரோட்டில் போகிறவன் பார்க்கக் கூடாது என்று சந்தையில் கெட்டியான பழுப்புத் திரைத்துணி வாங்கினேன். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முன்னறையை இருட்டாக்கி, அவனை சோபாவில் படுக்க வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஒரே மேஜை விரிப்புக்குப் பதினோரு தடவை இஸ்திரி போட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அரை மணியில் குறட்டை கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூனை மாதிரி சமையலறைக்கு நழுவி, "இப்ப என்ன சொல்றே ஃபென்னா?" என்று கெட்டிலிடம் கேட்டேன்.

அதற்குள் வாசல் மணி அடித்தது. கறுப்புக் கோட்டும் கையில் ஒரு பெட்டி நிறையக் காப்பிக் கோப்பைகளுமாக ஹில்லி நின்றாள். பின்னால் தெருவே நின்றது. துக்க வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரியின் பொறுப்பு. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் பேசாத. காப்பிய நான் பாத்துக்கறேன். பாதிரியாருக்கும் சொல்லியாச்சு."

"யாருக்குடி என்ன ஆச்சு?"

"திரை மூடியிருக்கே, டீனா."

வாங்கும்போதும் மாட்டும்போதும் அது என் மண்டையில் ஏறவில்லை. பொறாமை கண்ணை மறைக்கும் என்பது சும்மாவா? ஹில்லிக்குப் பின்னாலிருந்து ஃபென்னா வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஹேங்கரோடு ரின்ஸின் வெள்ளைச் சட்டை.

"போன வாரம் குடுத்துட்டுப் போனது," என்றாள். "கடைசியா இதையே போட்டு விடலாம்னு இப்பதான் தேச்சேன்."

என் புருஷன் பிணத்துக்குக்கூட இவள் இஸ்திரிதானா?

"செத்தாத்தானே போட்டு விட. அவன் தூங்குறான். என் வீட்டுல. நான் போட்ட இஸ்திரியில."

ஒருவரும் நம்பவில்லை. துக்கத்தில் உளறுகிறேன் என்று ஹில்லி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்போது உள்ளேயிருந்து ரின்ஸ் காலுறையோடு வந்து நின்றான். கறுப்புக் கோட்டுகளைப் பார்த்தான். ஹேங்கரில் தொங்கிய தன் சட்டையைப் பார்த்தான். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கை நெஞ்சுக்குப் போனது.

"யெல்லெ மாதிரியேவா? தூக்கத்துலயேவா?"

ஃபென்னாதான் அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். "உக்காரு ரின்ஸ், ஒண்ணுமில்ல," என்று கையை நீட்டினாள். அவன் அவளைக் கவனிக்கவே இல்லை. அவளைத் தாண்டி, ஹில்லியின் கோப்பைப் பெட்டியை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, என் இரண்டு கையையும் நொறுங்குகிற மாதிரி பிடித்தான்.

"என்னைப் பாரு டீனா. வேற எங்கயும் பாக்காத."

பார்த்தேன். தெருவே நிற்க, எண்ணி எண்ணிச் சொல்லி மூச்சை மெதுவாக விட வைத்தேன். அவன் நிதானத்துக்கு வரக் கால் மணி நேரம் பிடித்தது. கொண்டு வந்ததற்கு ஹில்லி எல்லோருக்கும் காப்பி போட்டாள். நான் ஏறி நின்று திரையைக் கழற்றினேன்.

மறுநாள் மதியம் அவன் தயங்கித் தயங்கிக் கோட்டை எடுத்தான். ஃபென்னா வீட்டுக்குத்தான் என்று தெரியும். பொத்தானை நானே போட்டு விட்டேன். வயிறு எரியாமல் இல்லை, பொய் சொல்வானேன். சைக்கிள் வாசலில்தான் நின்றது. ஆனாலும் நான் பார்க்கப் போகவில்லை.