118-ஆம் எண் வீட்டுச் சாவி

மிலுஷா ப்லாஹோவாவை யாரும் பேர் சொல்லித் தேடி வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் அவள் வீட்டு எண்ணைத்தான் தேடி வந்தார்கள். எங்கள் யெலேமின் ஊருக்கு மேலே, குன்றின் சரிவில், யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் இரும்புக் கதவில் ஒரு தகடு: ‘சாவி 118-ஆம் எண் வீட்டில் கிடைக்கும்.’ அவ்வளவுதான். தெருப் பேரும் கிடையாது, ஆள் பேரும் கிடையாது.

எங்கள் ஊரில் வீட்டு எண் தெரு வரிசைப்படி வராது. எந்த வீட்டை முதலில் கட்டினார்களோ அதற்கு முதல் எண். அதனால் 118 இருப்பது 9-க்கும் 43-க்கும் நடுவில். 117-ஐக் கண்டுபிடித்துவிட்டால் பக்கத்து வீடுதானே என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் ரயிலடி வரை நடந்து போவார்கள். 117 அங்கே இருக்கிறது, உரக்கிடங்கை ஒட்டி. அங்கே நின்று திருதிருவென்று முழித்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, கடைசியில் 9-ஆம் எண் கதவைத் தட்டுவார்கள். அது என் வீடு. நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுக்க ஜனங்களுக்கு வழி சொல்லியே தொண்டைத் தண்ணீர் வற்றியாகிவிட்டது. வீட்டிலும் அதே பிழைப்பா?

சாவி அவளிடம் வந்த கதை பெரிய கதை இல்லை. கம்யூனிஸ்ட் காலத்தின் கடைசி வருடங்களில் அந்தத் தோட்டத்திலிருந்து கற்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. நல்ல கருங்கல். எழுத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, தேய்த்து மெருகேற்றி, வேறு யார் தலைமாட்டிலோ நட்டுவிடுவார்கள். கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டிய யூதர்களைப் போர்க்காலத்தில் ஒரே நாளில் வதைமுகாமுக்கு ரயிலேற்றி அனுப்பியாயிற்று. திரும்பி வந்தவர் ஒருவர். அவரும் ஊரில் நிற்கவில்லை.

அப்போது தலைநகர் பிராகிலிருந்து யூதச் சபைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மிலுஷாவின் புருஷன் போஹுமில் மர அறுவை ஆலையில் கொல்லன். கதவு செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். செய்தான். பூட்டும் வாங்கி மாட்டினான். சாவியை நீட்டியபோது அவர்கள், “உங்க வீடுதான் பக்கத்துல இருக்கு. கொஞ்ச நாளைக்கு நீங்களே வெச்சிருங்க” என்றார்கள். கொஞ்ச நாள்! அதற்குள் ஒரு அரசாங்கம் கவிழ்ந்தது, நாடு இரண்டாகப் பிரிந்தது, நெசவாலை மூடியது, கோட்டை முதியோர் இல்லமாக மாறியது. அந்தக் கொஞ்ச நாள் மட்டும் முடியவில்லை.

118-இன் வாசல் மணி எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்றி வறுவலும் புளித்த முட்டைக்கோசும் மேஜைக்கு வரும், உடனே மணி அடிக்கும். மிலுஷா கரண்டியைக் கீழே வைப்பாள், காலணியை மாட்டுவாள், அவர்களோடு குன்று ஏறுவாள். சாவியை மட்டும் கொடுத்தனுப்பினால் என்ன என்று கேட்டால், “ஒரு தடவ அப்படிப் போனது திரும்பி வராம பூட்டையே மாத்த வேண்டியதாப் போச்சே, மறந்துட்டியா?” என்பாள். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், அன்று கதவு திறப்பதில்லை. ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கப் பெண்ணான அவளுக்கும் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. துணி துவைப்பது, கல்லறைக்குப் போவது, அதாவது தன் சொந்த ஜனங்களின் கல்லறைக்கு, எல்லாம் சனிக்கிழமைதான்.

போஹுமில் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த மனுஷனுக்கு ஒரே ஆசை, கடல். எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது. எல்லை திறந்த பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஊரே குரோஷியாவுக்குக் கிளம்பும். ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த பன்றிக்கறித் துண்டுகளை டப்பா டப்பாவாகக் கட்டிக்கொண்டு போவார்கள், அங்கே சோறே கிடைக்காது என்பது போல. அந்த பஸ்ஸை நான்தான் ஓட்டுவேன். ஒரு வருடம் போஹுமிலும் மிலுஷாவும் பேர் கொடுத்தார்கள். மூட்டையோடு சதுக்கத்துக்கு வந்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் விட்டார்கள். கறி வாசம் பஸ் முழுக்க அடித்தது.

அந்த நேரம் பார்த்து ஹைஃபாவிலிருந்து ஒரு யூதத் தம்பதி சாவி கேட்டுச் சதுக்கத்துக்கே வந்து சேர்ந்தது. அந்த அம்மாளின் தாத்தா எங்கள் ஊரில் தோல் வியாபாரம் செய்தவராம். சாயங்காலம் அவர்களுக்கு விமானம். மிலுஷா எழுந்துவிட்டாள்.

“சாவிய பூந்தொட்டிக்கு அடியில வெச்சிட்டு வா மிலுஷா. அவங்களே திறந்து பாத்துட்டுப் போவாங்க” என்றான் போஹுமில்.

“வெச்சிட்டு வரதா? பத்து நாள் தொட்டிக்கடியில சாவி கெடந்தா, திரும்பி வரப்ப கல்லு இருக்குமா? நீ போ. நான் எறங்கறேன்.”

“நீயில்லாம நான் அங்க போய் எதப் பாக்கறது?”

அவனும் இறங்கினான். நான் கதவைச் சாத்தி வண்டியை எடுத்தேன். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன செய்வது? பிறகு கேள்விப்பட்டேன், கல்லறைச் சுவரில் உட்கார்ந்து அந்த டப்பாவைத் திறந்து, “சாப்பிடுங்க, நல்ல பன்னி, எங்க வீட்ல வளர்த்தது” என்று பன்றியையே தொடாத அந்த யூதத் தம்பதியிடம் நீட்டினானாம். பாவம், அவர்கள் முகம் சுளிக்காமல் ஊறுகாய் வெள்ளரியை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். ஊரே ஒரு மாதம் சிரித்தது. அடுத்த கோடைக்கு அவன் இல்லை. நுரையீரல்.

அதன்பின் மிலுஷா தனியாகக் குன்று ஏறினாள். முழங்கால் தேய்ந்தது. படி ஏறும்போது பல்லைக் கடிப்பது எனக்கே கேட்கும். பிர்னோவில் இருக்கும் மகள் இவோனா போனில் கத்துவாள்: “சாவியத் தூக்கிக் குளத்துல போடும்மா! உனக்கென்ன சம்பளமா தராங்க?” போன இலையுதிர் காலத்தில் ஒருவழியாக முழங்காலை அறுத்து மாற்றினார்கள். வசந்தத்தில் மூன்று வாரம் த்ரெபோன் ஊரில் சேற்றுக் குளியல் சிகிச்சை எடுக்க வேண்டும், செலவு காப்பீட்டில். தவறினால் மறுபடி கிடையாது, கால் மடங்காமல் கட்டையாகப் போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் சாவியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் தேவை.

பாதிரியார் ஏழு ஊர்களுக்கு ஒருவர், ஞாயிறு ஒரு மணி நேரம்தான் இங்கே தலை காட்டுவார். அருங்காட்சியகம் மே மாதம்தான் திறக்கும். யூதர்களின் பழைய ஜெபக்கூடம் இப்போது தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகை. அங்கே கேட்டதற்கு, “எங்க வண்டிச் சாவியே எங்கன்னு தெரியல பாட்டிம்மா” என்றார்களாம். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், மனதார இல்லை, வேறு வழியில்லாமல்.

“உன் வீடு 9. தகட்டுல 118 போட்டிருக்கு. மேப்புல 118. அயல்நாட்டுக்காரன் புஸ்தகத்துலயும் 118. எவன் உன் வீட்டுக்கு வருவான்?” என்றாள்.

“இப்பவும் எல்லாரும் என் வீட்டுக்குத்தானே வரான்!”

“வழி கேக்க வரான். சாவி கேக்க வரானா?”

இந்தப் பெண்ணிடம் வாதம் செய்வதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. தகட்டை மாற்றலாமென்று மேயர் ஷ்டெபானிடம் போனோம். என் பஸ்ஸில் பள்ளிக்குப் போன பயல். இப்போது டை கட்டிக்கொண்டிருக்கிறான்.

“தோட்டமே பாதுகாக்கப்பட்ட சின்னம்ங்க. கதவுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் மேலிடத்து அனுமதி வேணும். ஆறு மாசம் ஆகும்” என்றான்.

“அப்ப சாவிய ஆபீஸ்ல வெச்சுக்கப்பா” என்றாள் மிலுஷா.

“தாராளமா. ஜனங்களுக்கு நாங்க திறந்திருக்கறது திங்களும் புதனும்.”

“செத்தவங்களையும் திங்களும் புதனும்தான் பாக்கணுமா?”

ஆனாலும் கொடுத்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை காலை, கனடாவிலிருந்து வந்த ஒரு கிழவர் ஊன்றுகோலோடு 118-இன் மணியை அடித்தார். மிலுஷா தன் ஊன்றுகோலோடு வெளியே வந்தாள். இரண்டு பேரும் நகர மன்றத்துக்கு நொண்டிக்கொண்டே போய், பூட்டிய கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் மதுக்கடையிலிருந்து மேயரை இழுத்து வந்தார்கள். வியாழக்கிழமை சாவி மறுபடி அவள் சமையலறை ஆணியில் தொங்கியது.

“களைச்சுப் போச்சு ரோஸ்தா. இந்தக் காலு என்னோடது. இத நான் மடக்கக் கூடாதா?” என்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

த்ரெபோனுக்குப் புறப்படும் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். மெதுவாகக் குன்று ஏறினோம். அவள் பூட்டைத் திறந்தாள், கழற்றினாள், கைப்பைக்குள் போட்டாள். கதவைச் சும்மா சாத்தி வைத்தாள்.

“யார்கிட்டயும் சொல்லாத.”

“யாரு கேக்கப் போறா?”

“தினம் ஒரு தடவ போய்ப் பாரு.”

“ஏன், கல்லுக்குக் கஞ்சி ஊத்தணுமா?” என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் காரில் கொண்டுபோய் விட்ட வழியெல்லாம் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

தினமும் போனேன், முணுமுணுத்துக்கொண்டே. வந்தவர்கள் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள், திறந்தது, உள்ளே போனார்கள், யூதர் வழக்கப்படி கல்லின்மேல் கூழாங்கல்லை வைத்தார்கள், சாத்திவிட்டுப் போனார்கள். யாரும் 117-ஐத் தேடி ரயிலடிக்கு நடக்கவில்லை. யாரும் என் கதவைத் தட்டவில்லை. ஊரில் காளான் பறிப்பவர்கள் பின்சுவரைத் தாண்டிக் காட்டுக்குப் போக அதைக் குறுக்குவழியாக்கிக்கொண்டார்கள். ஒரு மான்குட்டி வந்து கொடியைக் கடித்திருந்தது. வேறெதுவும் நடக்கவில்லை. மிலுஷா மட்டும் தினமும் சாயங்காலம் போன் செய்தாள். சேற்றில் கிடந்தால் உடம்பு இளகுமென்பார்கள். அவள் குரல் இளகியதாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துத் திரும்பியவள் வீட்டுக்குள்கூடப் போகாமல் நேரே குன்று ஏறினாள். புதுக்கால் அழகாக மடங்கியது. நான்தான் பின்னால் மூச்சு வாங்கினேன். அவள் ஒவ்வொரு வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்தாள்.

“எதுவும் ஆகலியா?”

“ஆகல.”

“ஒருத்தன்கூடக் கை வெக்கலியா?”

“இந்தக் காலத்துல எவனுக்கு வேணும் இந்தக் கல்லு? இப்ப சீனாவுலேர்ந்து மெருகேத்தியே சல்லிசா வருது. உனக்கு விடுதல மிலுஷா! சாவியக் கொண்டுபோய் மேயர் மூஞ்சில எறி. கோடைக்கு இவோனாவோட கடலுக்குக் கெளம்பு.”

நல்ல சேதி சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் முகம் சுருங்கிப் போனது. விறுவிறுவென்று குன்று இறங்கிவிட்டாள். அந்த வாரம் முழுக்க வெளியே வரவில்லை. ஜன்னல் திரையும் விலகவில்லை.

திங்களன்று காலை என் கதவு தட்டப்பட்டது. முதுகில் பையோடு இரண்டு பிள்ளைகள், டச்சுக்காரர்கள். “118 எங்கே?” என்று கேட்டார்கள். நான், “திறந்துதான் இருக்கு, போங்க” என்றேன். இல்லை, பூட்டியிருக்கிறது என்றார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அவர்களோடு ஓடினேன். கதவில் புதுப் பூட்டு, பழையதைவிடப் பெரியது. எங்களைப் பார்த்துவிட்டு மிலுஷா சாவியோடு பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டு, சுவரோரம் வந்து நின்றாள்.

“உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்று கத்தினேன். “திறந்தே கெடந்துச்சு, ஒண்ணும் ஆகல! கண்ணால பாத்தியே! இன்னும் எதுக்கு உனக்கு இந்தப் பாரம்?”

அவள் உள்ளே பார்த்தபடியே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

“திறந்தே கெடக்கலாம்னா, எப்பவுமே கெடந்திருக்கலாம் ரோஸ்தா. பூட்டில்லாமலே இந்தக் கல்லெல்லாம் நின்னிருக்கும்னா, அன்னிக்கு அந்த மனுஷன பஸ்லேர்ந்து எறக்கினது எதுக்கு? நான் எறக்கினேன். அவர் சொன்னாரு, நான் கேக்கல. இத இப்படியே திறந்து விட்டுட்டு, மிச்ச காலத்துக்கு நான் அந்தக் கேள்வியோட வீட்ல உக்காந்திருக்கணுமா? முடியாதுப்பா. அதவிட இதத் தூக்கறது எனக்கு சுலபம்.”

பக்கத்து ஊர்களில் அந்த வருடங்களில் பூட்டில்லாத கல்லறைத் தோட்டங்கள் கல்லெல்லாம் களவு போய் மொட்டையானது எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்லி அவள் நம்பப்போவதில்லை. அந்தப் பிள்ளைகள் வெளியே வந்து நன்றி சொன்னார்கள். அவள் பூட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, “வா, சூப்பு ஆறுது” என்றாள்.