சிவப்பில் 'முக்கியம்'

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எங்கள் அச்சுக்கூடத்தில் லொரெய்ன் அக்ராய்டும் நானும் பத்தொன்பது வருஷம் ஒரே இயந்திரத்தில் நின்றோம். விளம்பரக் கடிதங்களுக்கு உறை அச்சடிப்பது வேலை. ஜன்னல் கம்பெனி, கம்பளக் கடை, நாய்க் காப்பகம், யாராக இருந்தாலும் மூலையில் சிவப்பாக 'முக்கியம்' என்று போடச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ஒருத்தரும் பிரிக்க மாட்டார்களாம். மேற்பார்வையாளர் நைஜலிடம் லொரெய்ன் ஒருமுறை கேட்டாள்: "எல்லாமே முக்கியம்னா எதுதாம்பா முக்கியம்?" அவர் எழுத்தை இன்னும் பெரிசாக்கினார்.

வீட்டில் அவள் சிவப்பைக் கண்டால் பிரிக்கவே மாட்டாள். ஈரத் தேயிலைப் பையை அந்த உறையில் சுருட்டிக் குப்பையில் போடுவாள். "நான் அடிச்ச பொய்யை நானே படிக்கணுமாடி?" என்பாள். விழுந்து விழுந்து சிரிப்போம்.

போன வருஷம் மார்ச்சில் அவளுக்குத் தொண்டை கட்டியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார். தேதி தபாலில் வரும் என்றார். ஏப்ரல் போனது, மே போனது. பாவம், அவர்களுக்கு எவ்வளவு வேலையோ என்று இவள் ஃபோன்கூடப் பண்ணவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாழாய்ப்போன மரியாதை ஒன்று உண்டு.

ஜூலையில் நான்தான் திட்டி, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு தேதி கொடுத்தும் வராததால் ஆஸ்பத்திரியில் பெயரை எடுத்துவிட்டார்களாம். வரவேற்பு மேஜைப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள்: "ரெண்டு லெட்டர் அனுப்பியிருக்காங்களே, செல்லம். மேலேயே சிவப்புல முக்கியம்னு போட்டிருக்குமே."

லொரெய்ன் சிரிக்கப் பார்த்தாள். குரல் வரவில்லை.

மறுபடியும் வரிசையில் சேர்ந்தாள். அதன்பிறகு வந்த உறையையெல்லாம் பிரித்தாள். கம்பளம், ஜன்னல், நாய் என்று ஒரு வரி விடாமல் படித்தாள். அக்டோபரில்தான் தேதி வந்தது. சோதித்த டாக்டர், மே மாதமே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைப் போய்த் திட்டுவது?

கடைசியில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு உறையின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்: "கம்பளத்துக்கு அதைப் போட வேண்டாம்னு நைஜல்கிட்ட சொல்லு."

சொன்னேன். வாடிக்கையாளர் கேட்கிறார், நாம் என்ன செய்வது என்றார்.

பிப்ரவரியில் அவளைப் புதைத்தோம். அடுத்த திங்கட்கிழமை கம்பளக் கடைக்கு நாற்பதாயிரம் உறை. இயந்திரத்தில் சிவப்பு மை தீர்ந்திருந்தது. நான்தான் நிரப்பினேன்.