ஹாட்ரிக்கின் விமானத்தில் கீறல் கிடையாது

ஈரத் தூரிகை நுனியில் உப்புப் பரல்களைத் தொட்டெடுத்து, வெள்ளிச் சாயம் பூசிய சிறு இறக்கையின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள் நோலா. அதன்மேல் கரும்பச்சையைப் புகையாகப் பீய்ச்சி, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், அந்தந்த இடத்தில் வெள்ளி எட்டிப் பார்க்கும். பூட்ஸ் கால் பட்டுச் சாயம் பெயர்ந்த தகடு என்றே யாரும் நினைப்பார்கள்.

நோலா டிரெத்வி ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் பல்செட் செய்பவள். அறுபது வயதுக்காரருக்குப் பால்வெள்ளைப் பல் வைத்தால் அது பொய்ப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடும். லேசாக மஞ்சள் தட்ட வேண்டும், ஓரத்தில் தேய வேண்டும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் போர் விமான மாதிரிகளைப் பழசாக்கத் தானாகவே கற்றிருந்தாள். பதினெட்டு ஆண்டுப் பழக்கம்.

இந்தக் கிட்டிஹாக் போர் விமான மாதிரி ஆல்ஃப் ஹாட்ரிக்குக்கு. உலகப் போரின்போது, நியூ கினியை ஒட்டிய கிரிவினா தீவில் 1943-இல் அசல் விமானத்தைப் பராமரித்த மெக்கானிக் அவர். கண் மங்கிக்கொண்டே வந்தது. பார்வை கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் அதிர்ஷ்டம் என்றிருந்தார் டாக்டர். அதற்குள் ஒருமுறை அதைப் பார்த்துவிட வேண்டும் என்று, தன்னிடமிருந்த ஒரே கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் கொடுத்திருந்தார். நோலா நான்கு மாதம் உழைத்தாள்.

நவம்பரில் பார்க்க வந்தவர் மாதிரியைக் கடைக்கண் பக்கமாகப் பிடித்தார். நேராகப் பார்த்தால் அவருக்குத் தெரியாது.

“யாரு இதுக்குச் சொறி புடிக்க வச்சது?”

“ஃபோட்டோவுல இருக்கே, ஆல்ஃப். இடது எறக்கை மேல, ஒடம்பை ஒட்டி, வெள்ளையா.”

“அது சர்க்கரைச் சாக்கு, கண்ணு. பைலட்டு ஏறுறதுக்கு முன்னால விரிச்சிடுவேன். என் எறக்கையில பூட்ஸ் பட விட்டதே இல்ல. பக்கத்துல இருந்த பயலுக என்னை ‘வீட்டுக்காரம்மா’ன்னுதான் கூப்பிடுவானுக.”

“கீறலே இல்லாம விட்டா புது பொம்மை மாதிரி இருக்கும். மாதிரி செய்யுற எங்க கிளப்புல சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். இது என்னுது இல்ல.”

நோலாவுக்குச் சுருக்கென்றது. அந்த இறக்கைதான் அவள் இதுவரை செய்ததிலேயே நேர்த்தியான வேலை. மாதிரியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“அப்போ எது படியறதை உங்களால தடுக்க முடியல?”

“எஞ்சின் புகைக் கரி. அப்புறம் ஓடுபாதையோட பவழத் தூசி. காலையில துடைப்பேன், மத்தியானம் வந்து உக்காந்திருக்கும்.”

“எந்தக் கையால துடைப்பீங்க?”

“இடது கை,” என்றார், வியப்போடு.

அவர் போனதும் இறக்கையை வெள்ளி வரை உரசி எடுத்தாள். பச்சையை மறுபடி மூன்று பூச்சாகப் பூசினாள். விமான மூக்கின் பக்கவாட்டில் கரித்தூள் தடவி, ஈரத் துணி நுனியால், இடது கையால், வளைவு வளைவாகத் துடைத்தாள். பழகாத கை, இரண்டு முறை கெட்டுப்போய் மறுபடி செய்தாள். விமானத்தின் வயிற்றுப் பக்கம் பவழத் தூசிக்காக வெண்சுண்ணத் தூள், அதன்மேலும் துணியின் தடம். பழமை முழுக்க, யாரோ தினமும் துடைத்துத் துடைத்தே வந்ததாகத் தெரிந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம் அவர் வீட்டு ஜன்னலோரம் வைத்தாள். ஆல்ஃப் தலையைச் சாய்த்துச் சாய்த்து, வெளிச்சத்தில் திருப்பச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார்.

“கரி போகல,” என்றார் கடைசியில். “ஆனா துடைச்சுத்தான் அனுப்பியிருக்கேன்.”

இரண்டு கைகளையும் நீட்டினார். நோலா அதை அவற்றில் வைத்தாள்.