ஒரு சுழி குறைந்த சீட்டு

தொண்ணூற்றேழாம் வருஷம், இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாசம். பாறசாலையை அடுத்த உதியன்குளங்கரை ஜங்ஷனில், தனுவச்சபுரம் ரோடு இறங்கி வந்து மெயின் ரோட்டில் முட்டுகிற இடத்துக்கு நேர் எதிரே நான் டெலிபோன் பூத் வைத்திருந்தேன். அப்போது வீட்டுக்கு வீடு போன் ஏது? சுற்றுவட்டத்தில் முப்பது நாற்பது பேருக்கு என் நம்பர்தான் பி.பி. நம்பர். யாருக்குப் போன் வந்தாலும் சேதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் எட்டாம் கிளாசோடு நின்றுபோனாலும், தமிழும் மலையாளமும் என் வாயில் ஒன்றுபோல ஓடும். 'ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளு' என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி, எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு வேன் வாங்கியிருந்தான். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் சுற்றுவட்டத்துப் பிள்ளைகளைத் தனுவச்சபுரத்துக் காலேஜுக்குக் கொண்டுவிட்டுத் திரும்பக் கூட்டி வருவான். என் மகளும் அதில்தான் போய்வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், திருவனந்தபுரத்து ஒர்க் ஷாப்பிலிருந்து ஒரு பெண் அவனைக் கேட்டாள். அவன் இல்லை, சேதியைச் சொல்லுங்கள் என்றேன். லைனில் ஒரே கரகரப்பு. வெளியே நாகர்கோவில் பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டே நிற்கிறது. அவள் மலையாளத்தில் சொன்னது இதுதான்: தம்பி வாங்கிய மாதிரி வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஒரு ஜாயிண்டில் கோளாறு இருப்பதைக் கம்பெனியே கண்டுபிடித்திருக்கிறது. அவன் வாங்கிய சமயத்தில் விற்ற வண்டிகளுக்கெல்லாம் சும்மாவே மாற்றிக் கொடுக்கிறார்கள். வியாழக்கிழமை ஆள் அனுப்புவார்கள். கடைசியில், "அதுவரெ வண்டி ஓடிக்கருது, கேட்டோ" என்று வைத்துவிட்டாள்.

மலையாளத்தில் 'ஓடிக்கருது' என்றால் ஓட்டக் கூடாது. 'ஒடிக்கருது' என்றால் ஒடித்துத் திருப்பக் கூடாது. நெடிலாகத்தான் என் காதில் விழுந்தது. ஆனால் பேனாவைப் பிடித்ததும் எனக்குள் ஒரு கெட்டிக்காரி எழுந்து உட்கார்ந்தாள். புது வண்டியை ஓட்டாதே என்று விற்றவனே சொல்வானா? கம்பெனி தன் தப்பைத் தானே சொல்லி வண்டியைத் திருப்பி வரவழைக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. ஸ்டியரிங் கோளாறு என்கிறாள். அப்படியானால் ஒடிக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பாள். ஆள் எதற்கு வீடு தேடி வருகிறான் என்றாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. 'வியாழன் ஆள் வரும். அதுவரை வண்டியை ஒடிக்கக் கூடாது' என்று எழுதினேன். 'ஓ'வுக்கு உள்ள கீழ்ச் சுழியைப் போடவில்லை.

சாயங்காலம் சீட்டை வாசித்துவிட்டுத் தம்பி சிரித்தான்.

"ஒடிக்கப்பிடாதா? அப்பம் ரெண்டு நாளு தேர் இழுக்கிய மாதிரி மெள்ள வளைச்சாப் போரும், இல்லியா அக்கா?"

"ஆமாலே மக்கா. பிள்ளைய உள்ள வண்டியாக்கும், பாத்துப் போ" என்றேன் நான். பெரிய புத்திமதி!

புதன்கிழமை மாலை நாலரை மணி. மழை விட்டு ரோடு பளபளவென்று கிடந்தது. எனக்கு ஏதோ போன் வந்து, ரிசீவரைக் காதில் வைத்தபடி எதிரே பார்க்கிறேன். இறக்கத்தில் வேன் மெள்ள வருகிறது. வளைகிற இடத்தில் தம்பி ஸ்டியரிங்கைச் சுற்றினான். மறுபடியும் சுற்றினான். கிணற்றில் கயிறு அறுந்தால் கப்பி மட்டும் தனியே சுற்றுமே, அப்படிச் சுற்றியது. சக்கரம் திரும்பவே இல்லை. வண்டி நேரே மெயின் ரோட்டுக்குள் இறங்கி என்னைப் பார்த்து வந்தது. அவன் முகத்தில் பயம்கூட இல்லை, 'இது எப்படி?' என்று கேட்கிற முகம். அவனுக்குப் பின்னால் ஜன்னலோரம் என் மகள், கூட்டுக்காரியிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாறசாலைப் பக்கமிருந்து லாரி ஒன்று பாய்ந்து வந்தது. அந்த நொடியிலேயே, சக்கரம் திரும்பாததைக் கண்ட அந்த நொடியிலேயே, அந்தப் பெண் சொன்ன 'ஓ' எனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. தம்பி பிரேக்கை ஏறி மிதித்தான். வேன் ஈர ரோட்டில் வழுக்கிக் குறுக்கே வந்து, பூத்துக்கு முன்னால் உள்ள ஓடையில் முன்சக்கரத்தை இறக்கி நின்றது. வேனின் பின்பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளி லாரி அலறிக்கொண்டு போயிற்று. என் கையிலிருந்த ரிசீவரில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

உள்ளே பதினோரு பிள்ளைகள். ஒருத்திக்கு உதடு கிழிந்ததைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. என் மகள் இறங்கி வந்து, "அம்மா, எனக்க ஒரு செருப்பக் காணேல்ல" என்றாள். அவளுக்கும் புத்தி கலங்கித்தான் போயிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார் ஒருவர். தம்பி எல்லாரிடமும் சொன்னான்: "இந்த அக்கா சீட்டு தந்ததுகொண்டாக்கும் மெள்ள வந்தேன். இல்லேன்னா இப்பம் ஒண்ணும் மிச்சமில்ல." பிள்ளைகளின் தாய்மார் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி என் கையில் முத்தமே கொடுத்துவிட்டாள். தேள் கொட்டினால்கூட அந்தக் கை அப்படிக் கடுத்திருக்காது.

பூத்தைப் பூட்டிவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "மக்கா, அவ ஒடிக்காதேன்னு சொல்லேல்ல. ஓட்டவே வேண்டாம்னு சொன்னா. நானாக்கும் மாத்தி எழுதினேன்."

அவன் மனைவியின் கை நின்றது. "அறியாத்த பிள்ள சொறியும்போ அறியும்னு சொல்லுவாவ. எல்லாம் அறிஞ்ச அக்கா, ஓங்களுக்கு என்ன வந்து?" என்றாள்.

தம்பி சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தான். மடித்துத் திரும்ப வைத்தான். "பிள்ளைய பதினொண்ணு, அக்கா" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் நானே வீடு வீடாகப் போய்ப் மற்றப் பத்துத் தாய்மாரிடமும் உள்ளதைச் சொன்னேன். சிலர் மன்னித்தார்கள், முத்தம் கொடுத்தவள் கதவைச் சாத்தினாள். அன்றே ஒர்க் ஷாப் ஆட்கள் வந்து வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு தம்பி பூத் பக்கமே வரவில்லை.

பத்து நாள் கழித்து அதே பெண் பேசினாள். மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். "சேச்சிக்குச் செவி கேட்கில்லே?" என்று எரிந்து விழுந்தாள். விழட்டும். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வண்டி சரியாகிவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இதுல சுழியெல்லாம் சரியாட்டு உண்டா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எலே மக்கா, இனி ஒர்க் ஷாப்புல வேற ஆளுக்க நம்பரக் குடு. எனக்கப் பூத்து வேண்டாம்."

"வேற ஆளு எழுதினா, தெரியாததையும் தெரியும்னு எழுதுவான். ஓங்களுக்கு இனி அந்தத் தைரியம் வராது, அக்கா. நம்பர் அதுவே கெடக்கட்டும்" என்றான்.

என்னை நோக்கி வந்த வேனைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் ஆட்டிவிட்டது. இன்றைக்கும் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுசேர்க்கும்போது, எனக்குப் பிடிபடாத இடம் வந்தால், 'இது எனக்குப் புரியல்ல, நீங்களே அவங்ககிட்டக் கேட்டுக்கோங்க' என்று சொல்ல நான் வெட்கப்படுவதே இல்லை.