எட்டுச் செலவுக்கு ஆற்று மீன்

யாழ்ப்பாணத்தில் அப்பா செத்த அன்று நான் டார்லிங் ஆற்றங்கரை ஊரொன்றில் ஆடு உரித்துக்கொண்டிருந்தேன். இறைச்சித் தொழிற்சாலை வேலை. படகில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவன், தற்காலிக விசா. நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். தம்பி கொள்ளி வைத்ததைப் போனில் பார்த்தேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். மீன் இல்லாமல் அப்பாவுக்குச் சோறு இறங்காது. இதையாவது என் கையால் செய்வேன் என்று நின்றேன்.

இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டை வெளி, புல், கம்பி வேலி. கடையில் மாவில் தோய்த்து உறையவைத்த மீன்தான். ஆற்றில் கிடப்பது கார்ப். வெளியிலிருந்து வந்து ஆற்றைக் கெடுத்த மீன் என்று வெள்ளைக்காரர்கள் அதைப் பிடித்துக் கரையில் எறிந்து சாகவிடுவார்கள்.

நான் கார்ப் படைக்கப்போவதைக் கேள்விப்பட்டு, நகரத்தில் எங்கள் சனம் நிறைய இருக்கிற பிளாக்டவுனிலிருந்து தூரத்து உறவு அங்கிள் ஒருவர் போன் எடுத்தார்.

"அந்தச் சேத்து மீனையோ கொப்பருக்குப் படைக்கப்போறாய்? இஞ்ச வா. நல்ல கடல்மீன், விளைமீன் வாங்கித் தாறன்."

"பத்து மணித்தியால ஓட்டம் அங்கிள். லீவும் இல்லை."

"சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்கோ படைக்கிறன்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

எட்டுக்கு முதல் நாள் ஒரு கார்ப்பைப் பிடித்து, கடல் மீனைப்போல் வெட்டிக் குழம்பு வைத்துப் பார்த்தேன். என்னோடு தங்கியிருந்த மட்டக்களப்புக்காரன் ஒரு வாயோடு துப்பினான்.

"ஆத்தையே காச்சி வச்சிருக்கிறாய், மச்சான்."

எட்டாம் நாள், வேலையில் ஆட்டுக்குச் செய்வதையே மீனுக்கும் செய்தேன். பிடித்த உடனே கழுத்தை வெட்டி இரத்தத்தை வடியவிட்டேன். தோலை உரித்து, சிவப்புச் சதையைச் சீவி எறிந்து, புளியிலும் உப்பிலும் ஊறப்போட்டேன். மிளகைத் தாராளமாகப் போட்டேன்.

அப்பாவின் படத்துக்கு முன்னால் சோறும் குழம்பும் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவர் வந்து சாப்பிடட்டும் என்று இருவரும் வெளியே நின்றோம். பிறகு நாங்கள் சாப்பிட்டோம். சேற்று மணம் இல்லை. முள் மட்டும் எக்கச்சக்கம்.

அம்மா வீடியோவில் வந்தார். "என்ன மீன் மோனை?"

"இந்த ஆத்து மீன். நானே பிடிச்சது."

தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முள்ளுப் பாத்துத் தின்னு. அவருக்கும் முள்ளெடுத்துக் குடுத்தாத்தான் சரிவரும்."

மிச்சக் குழம்பை அடுத்த நாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் நடுவில் பெட்டியைத் திறந்தேன். என்ன மீன் என்று ஒருவன் கேட்டான். கார்ப் என்றேன். முகத்தைச் சுளித்தான். நான் ஒவ்வொரு முள்ளாக எடுத்துவைத்து, அவசரப்படாமல் சாப்பிட்டேன்.