சீசரின் வயிறும் ரஹ்மத் டாக்டரின் வாயும்

டாக்டர் ரஹ்மத்துன்னிசா காலமான செய்தி எனக்குக் கைப்பேசியில்தான் வந்தது. கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். ஆம்பூரில் நாய் வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: "நம்ம ரஹ்மத் மேடம் மாரடைப்புல தவறிட்டாங்க." அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், உடைந்த இதயங்கள். அவற்றுக்கு நடுவிலேயே ஒருவர் கேட்டிருந்தார்: "ரொம்ப வருத்தமா இருக்கு. அப்ப இனிமே எங்க காட்டறது? நம்ம லேப்ரடார் குட்டிக்கு நேத்துலேர்ந்து லூஸ் மோஷன்." இன்னொருவர் உடனே பதில் போட்டார்: "தயிர் சாதம் குடுங்க சார், நின்னுடும்." மூன்றாமவர், "சிக்கன் அலர்ஜியா இருக்கும்" என்றார். மையத்து இன்னும் அடக்கத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. அதற்குள் ஊரே டாக்டராகிவிட்டது.

நான் அவருடைய கிளினிக்குக்குப் பக்கத்துக் கடைக்காரன். குடியாத்தத்திலிருந்து வந்து இங்கே நாய்த் தீனி, சங்கிலி, ஷாம்பு விற்றுப் பிழைப்பவன். கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. அதனால் அவர் வாயிலிருந்து வந்த எல்லாமே என் காதில் விழுந்தது. இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். ஆனால் இருப்பவர்களைப் பற்றியும் நல்லதாகத்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை.

அவர் கிளினிக்கில் ஒரு விதி இருந்தது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அதில் மாட்டி அவஸ்தைப்பட்டிருப்பீர்கள். நாய்க்கு வயிறு சரியில்லை என்று வருகிறவர், அன்று காலை அது போனதைக் கவரில் கட்டி எடுத்து வர வேண்டும். எடுத்து வராதவர் திரும்பிப் போக வேண்டும். ஒரு வங்கி மேலாளர் தன் ராட்வீலர் குட்டியோடு வந்தார். இணையத்திலிருந்து எடுத்த காகிதக் கட்டு ஒன்று கையில். குட்டியின் குடலில் என்ன கோளாறு என்று ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். டாக்டர் கையை நீட்டினார். "நீங்க பேசாதீங்க சார். கவர்ல கீறது பேசட்டும்." கவர் இல்லை. டிரைவரை அனுப்பட்டுமா என்று கேட்டார் மேலாளர். "நாய் ஒங்களுதா, டிரைவருதா?" என்று ஒரே கேள்வி. மனிதர் தானே போய் எடுத்து வந்தார். கவரை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி அவர் தெருவில் நடந்து வந்ததை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

பெரிய ஜாதி நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் மேல் அவருக்கு இருந்த இளக்காரம் தனி வகை. இந்த ஊர் வெயிலில் மனிதனே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறான். இங்கே கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் என்று வாங்கிக் கட்டுவது. வாங்கியதும் அது நாளைக்கே குதிரையாக வேண்டும். அதற்குப் பால், முட்டை, கால்சியம் டானிக், ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பிரியாணியில் மீந்த எலும்பு. திங்கட்கிழமை காலையில் அவர் வாசலில் வரிசை. "குட்டிக்கு வயசு ஆறு மாசம், வயிறு மட்டும் ஆறு வயசுன்னு நெனச்சிக்கிறீங்க" என்பார். "மெதுவா வளரட்டும். எலும்பு ஒறுதியாவறதுக்கு முன்னாடி வெயிட் ஏத்தினா காலு வளைஞ்சிடும். டானிக்க நிறுத்துங்க." யாரும் நிறுத்தவில்லை. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்து அதே டானிக்கைக் கேட்டார்கள். நான் கொடுத்தேன். கேட்டவனுக்குக் கொடுப்பது வியாபாரம். அதற்காகத் தினமும் ஒருமுறை கிளினிக் வாசலிலிருந்து எனக்குத் திட்டு விழும். "கடைக்காரரே, ஒங்க கடைல கீறதுல பாதி நாய்க்கு இல்ல, ஓனரோட பவுசுக்கு."

அவர் சொந்தத் தெருவிலும் அவரை லேசில் விடவில்லை. நாய் டாக்டர் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். நாய் பட்ட உடையோடு தொழக் கூடாது என்று அவர் கிளினிக்குக்கென்று தனி உடுப்பு வைத்திருந்தார். கிளம்பும்முன் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். ஒரு வேளைத் தொழுகையைக்கூட விட்டதாக எனக்கு நினைவில்லை. அப்படியும் விசேஷ வீடுகளில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்குமாம். பக்ரீத் நெருங்கியதும் ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது என்று அதே ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அப்போது மட்டும் அக்கா முறை கொண்டாடி "டாக்டர் ஆபா." அவர் ஆட்டைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார்.

இனி சீசரின் கதைக்கு வருகிறேன். சில பேருக்கு இது கசக்கும். அவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தனசேகரை ஆம்பூரில் தெரியாதவர் இல்லை. தோல் பதனிடும் கம்பெனி முதலாளி. வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட கம்பெனி வாசலில் புல்தரை போட்டார். புல்தரையில் நிறுத்த ஒரு கிரேட் டேன் குட்டி வாங்கினார். அதுதான் சீசர். வந்த சில வாரங்களிலேயே பேதி பிடித்தது. எலும்பு தெரிய ஆரம்பித்தது. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் செய்தார்கள். அவர் மனைவி தயிர் சாதம், அம்மா பால் பிஸ்கட், வாட்ச்மேன் தன் சாப்பாட்டில் பாதி. தனசேகர் என் கடைக்கு வந்து ஒரு தீனி மூட்டை வாங்குவார். அது காலியாகும் முன்னால் வேறொரு மூட்டை. கடைசியில், "சிக்கன் அலர்ஜி" என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டு, சிக்கன் இல்லாத வெளிநாட்டு மூட்டை கேட்டார். அதையும் வரவழைத்துக் கொடுத்தேன். அதிலும் நிற்கவில்லை.

பிறகுதான் ரஹ்மத் டாக்டரிடம் வந்தார். டாக்டர் நாடி பிடித்த மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். "ஒரே சாப்பாடு. அரிசியும் மீனும் கொழைய வேக வெச்சி, கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை. வேற எதுவும் வாயில போவக் கூடாது. பாசம் ஜாஸ்தியாச்சின்னா பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஊட்டுங்க." தனசேகர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுபடி வந்தார். பேதி நிற்கவில்லை. வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டதாகவும், யாரும் எதுவும் போடவில்லை என்றும் சத்தியம் செய்தார். குட்டி தரையில் படுத்திருந்தது. தலை மட்டும் பெரிதாக இருந்தது, உடம்பு தலைக்குக் கீழே தொங்கும் சாக்கு மாதிரி.

"மேடம், இது பொழைக்குமான்னு ஒரே பேச்சுல சொல்லிடுங்க" என்றார் தனசேகர். "அடுத்த வாரம் தோல் வாங்கற ஃபாரின் பையர் வர்றான். இந்தக் கோலத்துல இதக் காட்ட முடியாது. இல்லன்னா அமிர்தி பக்கம் வுட்டுட்டு வந்துடறேன். காடுதானே, பொழச்சிக்கும்."

நான் அப்போது சில்லறை மாற்ற கிளினிக்குக்குள் போயிருந்தேன். நடக்கக்கூட முடியாத குட்டி காட்டில் பிழைத்துக்கொள்ளுமாம். அந்த ஆளை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. டாக்டர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கவரைப் பிரித்து, செய்தித்தாளில் கொட்டி, குச்சியால் மெதுவாகக் கிளறினார். எதையோ தனியாக ஒதுக்கி, தண்ணீர் விட்டுக் கழுவினார். விரல் நகம் அளவுக்கு, வெளிறிய நீல நிறத்தில் ஒரு துண்டு.

"இது இன்னா?"

தனசேகர் குனிந்து பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தெரிந்தவரைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி சிரித்தார். "அட, நம்ம கம்பெனி தோல் மேடம். வெட் ப்ளூ. குரோம் போட்டு டிரம்லேர்ந்து எடுத்ததும் இப்டித்தான் நீலமா இருக்கும். ஓரம் வெட்டினது. பல்லு மொளைக்கிற டைம்ல, கடிக்கட்டும்னு நான்தான் தெனம் கொண்டாந்து போடறேன். இவர் கடைல தோல் எலும்புன்னு விக்கறாரே, அது இன்னா ரேட்டு! நம்மகிட்ட சும்மா கெடக்குது."

டாக்டர் குச்சியைக் கீழே வைத்தார்.

"ஒங்க கம்பெனில டிரம்லேர்ந்து தோல எடுக்கறவங்க கிளவுஸ் போடறாங்களா?"

"போடாம? ஆடிட்ல கேப்பான் மேடம். கண்டிப்பா போடணும்."

"எதுக்கு?"

"கெமிக்கல் இல்ல மேடம், கைக்கு ஆவாது."

"கைக்கு ஆவாதது வயித்துக்கு ஆவுமா?"

தனசேகர் தோலையே தொழிலாகக் கொண்டவர், அப்பா காலத்திலிருந்து தோலிலேயே சோறு தின்றவர். ஆனாலும் மனிதர் வெட்கப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இந்தப் பேஜார் வேணாம் மேடம். நீங்களே இன்னா வேணா பண்ணிக்கிங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். குட்டி கிளினிக் தரையிலேயே கிடந்தது.

டாக்டர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஒரு கயிற்றை எடுத்து குட்டியின் கழுத்தில் கட்டி, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் கடை வாசலில் இறக்கி, தீனி மூட்டையின் காதில் கயிற்றைக் கட்டினார். "வித்தது எல்லாம் இந்த வயித்துக்குத்தானே. பாத்துக்கோங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு தயவு, ஒரு நன்றி, எதுவும் கிடையாது. அந்தப் பொம்பளை அப்படித்தான்.

தோல் நின்றதும் பேதி குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. "ஒரு தப்புக்குப் பின்னாடி இன்னொன்னு ஒளிஞ்சிக்கும்" என்றார் டாக்டர். என் கடைத் தீனியையும் நிறுத்தி, அரிசியும் மீனும் மட்டும் கொடுத்து வயிறு கட்டிய பிறகு, ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னார். ஒன்றைச் சேர்த்துப் பல நாள் பார்த்த பிறகுதான் அடுத்தது. முட்டை ஒன்றும் செய்யவில்லை. ஊரே பழி போட்ட சிக்கனும் ஒன்றும் செய்யவில்லை. பால் பிஸ்கட் ஒன்று கொடுத்தோம், மறுநாளே தண்ணீராகப் போனது. அடுத்து வெறும் சப்பாத்தி. அதற்கும் அதே கதி. கோதுமைதான் அதற்கு எதிரி. ஏதோ புதையல் எடுத்த மாதிரி அவர் கண் மின்னியது. என்னிடம் சொன்னது மட்டும் வழக்கம்போலத்தான். "நல்லா பாத்துக்கோங்க கடைக்காரரே. ஒங்க அறிவ நம்பல, கண்ண நம்பறேன்." அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் கிளினிக்கைத் திறக்கும்போது ஒரே கேள்வி: "எப்டி?" நான் "கெட்டி" என்பேன். அவர் உள்ளே போவார். எங்கள் இருவருக்கும் இடையில் நலம் விசாரிப்பு என்று இருந்தது இவ்வளவுதான்.

சீசர் இப்போது என் இடுப்புக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. கால் வளையவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பி வந்தால், எங்கள் தெருமுனையில் பெரிய ஃப்ளெக்ஸ். ஏதோ தடுப்பூசி முகாமில் அவருக்குத் தெரியாமல் எடுத்த படத்திலிருந்து டாக்டர் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் அதைவிடப் பெரிதாகத் தனசேகர், கைகூப்பியபடி. "எங்கள் வீட்டுச் செல்லத்தின் உயிர் காத்த தெய்வமே" என்று கீழே எழுத்து. உயிருடன் இருந்தவரைக்கும் ஒரு படம் எடுக்க டாக்டர் யாருக்கும் முகம் காட்டியதில்லை. அவருடைய தம்பி வந்து அதன் கீழே நின்று, "எங்க வீட்டுப் பொம்பளைங்க போட்டோவ ரோட்ல கட்டறதில்லீங்க, எறக்கிடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கட்ட வந்த ஆட்கள் முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார்கள். நானே கத்தியை எடுத்துப் போய்க் கயிற்றை அறுத்தேன். தனசேகர் முகம் சாக்கடையில் விழுந்தது. டாக்டர் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, மடித்துத் தம்பியிடம் கொடுத்தேன்.

மாலையில் தனசேகரே வந்தார். சண்டைக்கு வந்தார் என்று நினைத்தேன். இல்லை. துக்கம் விசாரிக்க வந்தாராம், கூடவே கேமராவோடு ஓர் ஆள். "நம்ம சீசரோட ஒரு போட்டோ எடுத்துக்கறேன். மேடம் ஞாபகமா குரூப்ல போடணும்" என்றார். நம்ம சீசர்! நாய் அவரை முகர்ந்து பார்த்தது, அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் வரவைக்க அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பால் பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். சீசருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அது நாய், அதற்கு என்ன தெரியும்.

"கைய எடுங்க" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு சார். இன்னா ஆயிடப் போவுது?"

"கைய எடுங்க. நாய் ஒங்களுதா, என்னுதா?"

அது என் குரல் இல்லை. அத்தனை வருடம் பக்கத்து வாசலில் கேட்ட குரல். தனசேகருக்கும் அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. பிஸ்கட்டைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

டாக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், ஒரு நாயும் இந்த வாயும்தான். மரியாதையாகப் பேசச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம்.

மறுநாள் காலையில் சீசரை வெளியே கூட்டிப்போய்க் குனிந்து பார்த்தேன். கெட்டியாக இருந்தது. திரும்பி வந்து, பூட்டிய கிளினிக் வாசலில் நின்றேன். எப்டி என்று கேட்க ஆள் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் கடையைத் திறந்தேன்.